‘கவனமில்லை’ என்று நான் எழுதிய கொப்பிகள்

அன்புள்ள மகனுக்கு,

இடது கண்ணில் புரை எடுத்து வில்லை மாற்றி மூன்று வாரமாகிறது. கண்டி ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தபோது, எதிர்ச் சுவரில் இருந்த கலண்டரின் சின்ன எழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. எனக்கோ பயம்தான் வந்தது. ‘கண் சரியாகட்டும், பழைய கொப்பிகளைத் தேடி எடுத்து அனுப்புகிறேன்’ என்று உன்னிடம் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இனி அந்தச் சாட்டும் இல்லை.

மெல்பேர்னில் பேத்தியைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கப் போவதாக நீயும் மருமகளும் முடிவெடுத்ததைச் சொன்ன அன்று, உன் குரலில் எத்தனை உற்சாகம். அரசாங்கத்துக்கு வருடத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், என்ன படித்தாள் என்று பதிவு வைத்திருக்க வேண்டும் என்றாய். கைபேசியில் அதற்கென்று இருக்கும் செயலியைப் படம் பிடித்து அனுப்பினாய். கிழமைக்கு ஒரு பக்கம், பாடத்துக்கு ஒரு நிறம், முடித்த பாடத்துக்குப் பச்சை அடையாளம். கடைசியில், “எங்கள வீட்ல படிப்பிச்சப்ப நீங்க எழுதின கொப்பியெல்லாம் அனுப்புங்கம்மா. அதுக்கு முன்னால இந்தச் செயலி ஒண்ணுமே இல்ல. அந்த மாதிரிதான் நான் செய்யணும்” என்று எழுதியிருந்தாய். அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ அனுப்பிய படத்தில் ஓரமாக இன்னொரு நிரல் இருந்தது. ‘கவனம்’ என்று பெயர். அதில் பேத்திக்கு நீ நட்சத்திரம் போடுகிறாய். மூன்று நட்சத்திரம், இரண்டு, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. அந்த நிரலைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

உன்னையும் அக்காவையும் நான் ஏன் பாடசாலையிலிருந்து நிறுத்தினேன் என்று உனக்குத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. அம்மா ஒரு டீச்சர், பிள்ளைகளை வேறு யாரிடமும் விட மனமில்லாமல் தானே படிப்பித்தாள் என்பது அந்தக் கதை. நானேதான் அதை ஊருக்கும் சொன்னேன். நடந்தது வேறு. தர்ஷி அக்காவை ஐந்தாம் வகுப்பில் பின் வாங்கில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் முழிக்கிறாள், வாசிக்கச் சொன்னால் பாதி வரியில் நின்றுவிடுகிறாள் என்று அவளுடைய டீச்சர் என்னிடம் முறைப்பாடு சொன்னார். ஒருநாள் புசல்லாவைக் கடைத்தெருவில் நாலு பேருக்கு முன்னால், “ஒங்க மூத்தவ கொஞ்சம் மந்தம் டீச்சர், ஒங்களுக்கே தெரியுந்தானே” என்று அவர் சொன்னார். பக்கத்துப் பாடசாலையில் படிப்பித்த எனக்கு, என் மகளை மந்தம் என்று சொன்னதைத் தாங்க முடியவில்லை. அவளுக்காகக் கோபப்பட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். இன்று யோசித்துப் பார்த்தால், பாதிக் கோபம் எனக்காகத்தான். அந்தத் தவணையோடு வேலையை விட்டேன். அக்கா போகாவிட்டால் நானும் போகமாட்டேன் என்று நீ அழுததால் உன்னையும் நிறுத்தினேன்.

தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே, நுவரெலியா ரோட்டை ஒட்டி இருந்த நம் குவாட்டர்ஸின் முன்னறைதான் வகுப்பு. தடித்த மட்டை போட்ட பெரிய சீ.ஆர். கொப்பி ஒன்றை வாங்கி, பக்கத்தைக் கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம் அக்கா, வலது பக்கம் நீ. நேரம், பாடம், செய்த பயிற்சி, பிழைகள், கவனம். பின்பக்கத்தில் இடாப்பு. வீட்டிலேயே இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நான் தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு வரவு போட்டேன், உனக்கு நினைவிருக்கும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை என்று யாரோ எழுதிப் போட்டு, கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். அவர் முன்னால் அந்தக் கொப்பியை விரித்து வைத்தேன். அரை மணித்தியாலம் புரட்டிப் பார்த்தார். “பாடசாலையிலகூட இப்பிடி யாரும் எழுதுறதில்ல டீச்சர். தொடர்ந்து எழுதுங்க” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குக் கொப்பிதான் பெரிதாகப் போயிற்று. அப்பா தொழிற்சாலையிலிருந்து சாப்பிட வரும்போது, பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று அவர் கேட்டால் நான் கொப்பியைத்தான் நீட்டுவேன். அவர் வாசிக்காமல் உங்கள் இருவரின் முகத்தைப் பார்ப்பார். அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இப்போது புதுக் கண்ணோடு அந்தக் கொப்பிகளைத் திரும்ப வாசித்தேன். நாலு கொப்பி. அக்காவின் பக்கத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்பது பத்துக்குக் கவனமில்லை. ஒன்பது நாற்பதுக்குக் கவனமில்லை. பத்து ஐந்துக்கு, வாசிக்கும்போது நடுவில் நிறுத்தினாள், கூப்பிட்டும் திரும்பவில்லை, கவனமில்லை. பேனையைக் கீழே போட்டாள், ஏன் போட்டாய் என்றால் தெரியாது என்கிறாள், பிடிவாதம். எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருக்கிறேன். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிய நான், அவளுடைய கண்ணை நிதானமாக ஒரு தரம் பார்க்கவில்லை. “எங்கடி பாக்குற? நான் இங்க கத்திக்கிட்டு நிக்கிறேன், நீ எங்க பாக்குற?” என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். “நான் ஒண்ணும் பாக்கலம்மா” என்பாள். அது உண்மை. பதில் பேசுகிறாள் என்று நான் அதையும் பிழைகள் நிரலில் எழுதினேன். ஒரு நாளில் ஐந்து தரத்துக்கு மேல் கவனமில்லை என்றால் பின்னேரம் விளையாட்டு இல்லை. பத்து என்றால் அன்று படித்த பாடத்தைத் திரும்ப எழுத வேண்டும். அவள் அழாமல் எழுதுவாள். எழுதும்போதும் பேனை நிற்கும். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டு அதையும் கணக்கெடுப்பேன்.

அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை ஒழுங்காகப் பேசியதே இல்லை. காலையில் பாடம் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் ஏழு தரம். எனக்குப் பொறுமை போய்விட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கக் கடையில் பென்சிலும் அழிறப்பரும் வாங்கி வரச் சொன்னேன். அப்படியாவது கொஞ்சம் உற்சாகம் வரட்டும் என்று நினைத்தேன். நீயும் போகிறேன் என்று எழும்பினாய். கணக்கை முடித்துவிட்டு எழும்பு என்று உன்னை உட்கார வைத்தவள் நான்தான். மழை விட்டு ரோடு ஈரமாக இருந்தது. லொறியின் ஹோன் சத்தம் கேட்டது. நீளமாகக் கேட்டது. பிறகு ஆட்கள் ஓடும் சத்தம். நீ பென்சிலோடு ஜன்னலுக்கு ஓடினாய். நான் உன்னைப் பிடித்து இழுத்தது ஞாபகம். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. அவளுக்கு அப்போது பதினொரு வயது.

லொறியை ஓட்டி வந்தவர் அக்குறணையைச் சேர்ந்தவர். நிஸாம் என்று பெயர். கடைகளுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டவர். ஆட்கள் அவரை இழுத்து வைத்து அடித்தார்கள். அவர் ரோட்டில் குந்திக்கொண்டு ஒன்றையே சொன்னார். “புள்ள நடு ரோட்டுல நின்டு என்னயே பாத்திச்சி. ஹோன் அடிச்சேன். அசையல்ல. அல்லாஹ்மேல சத்தியமா அசையல்ல.” யாரும் நம்பவில்லை. லொறி வருவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளை அசையாமல் நிற்கும்? ஸ்டியரிங்கில் தூங்கிவிட்டான், தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்புவதற்கு அது வசதியாக இருந்தது.

அக்கா போன பிறகு நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். இரண்டு மாதம், கேட்டால் தலையாட்டுவதோடு சரி. அப்பாவும் நானும் உன்னைக் கண்டிக்கு ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனுசர். நீ முன்பு எப்படி இருந்தாய் என்று காட்டுவதற்காக நான் கடைசிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எதற்கும் கொப்பியை நீட்டும் புத்தி எனக்கு அப்போதும் போகவில்லை. உன் பக்கத்தை வாசித்துக்கொண்டு வந்த டொக்டரின் விரல் இடது பக்கத்தில் நின்றது. இரண்டு மூன்று பக்கம் பின்னுக்குப் புரட்டினார். முன்னுக்குப் புரட்டினார். “இது ஆர்?” என்று கேட்டார். மூத்த மகள் என்று சொன்னேன். “இடைக்கிடை பத்துப் பதினைஞ்சு செக்கன் அப்பிடியே நிண்டுட்டு, பிறகு ஒண்டும் நடக்காத மாதிரித் தொடருறவவே?” என்றார். ஓம் என்று என் தலை ஆடியது. “இது கவனக்குறைவு இல்லை அம்மா. இது ஒருவகை வலிப்பு. விழமாட்டினம், கை கால் இழுக்காது, அதால வீட்டுக்காரருக்கு விளங்காது. நீங்கள் நேரத்தோட வடிவா எழுதி வச்சிருக்கிறியள், அதுதான் எனக்குத் தெரிஞ்சது. அந்தப் பிள்ளையையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இதுக்கு நல்ல மருந்து இருக்கு.”

அவருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் ஒரு சாவு, அதனால் பையன் பேசுகிறான் இல்லை என்று மட்டும்தான் அப்பா சொல்லியிருந்தார். அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். டொக்டர் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். கொப்பியை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். நீ என் மடியில் இருந்தாய், மகன். உனக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியமும் இருந்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் பாவப்பட்ட தாய் மட்டும்தான். அடுத்த வருடம் வழக்கு வந்தது. நிஸாம் நானா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று அதற்குள் எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். தர்ஷி லொறியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், ஆனால் பார்க்கவில்லை. அப்பா வழக்குக்கு முதல் நாள் பின்னேரம் கொப்பியை எடுத்துத் தன் பையில் வைத்தார். “நாளைக்கு இத நீதவான்கிட்ட குடுத்துருவோம். அந்த மனுசனுக்கும் புள்ளகுட்டி இருக்கு” என்றார். நான் அதைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். “இத வாசிச்சா ஊரே என்னையதான் சொல்லும். பெத்தவளே கொன்னுட்டான்னு சொல்லும். ஒங்களுக்கு அது சரியா?” என்று கேட்டேன். மறுநாள் சாட்சிக் கூண்டில் நின்றேன். உங்கள் மகளுக்கு ஏதாவது நோய், ஏதாவது வித்தியாசமான பழக்கம் இருந்ததா என்று நிஸாம் நானாவின் லோயர் கேட்டார். இல்லை என்றேன். கெட்டிக்காரப் பிள்ளை, வாகனம் பார்த்துத்தான் ரோட்டைக் கடப்பாள் என்றேன். டீச்சர் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது, லைசன்ஸும் போனது. அப்பா நீதிமன்றத்திலிருந்து எனக்கு முன்னாலேயே நடந்து போய், தனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். அப்பா ஏன் அம்மாவோடு பேசுவதில்லை என்று நீ பெரியவனான பிறகு என்னிடம் கேட்டாய். அக்காவின் கவலை என்றேன். அது பாதிதான். சாகும்வரை அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தேவையான அளவுக்கு மட்டும் பேசினார்.

பிறகு நாம் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தோம். நீ பாடசாலைக்குப் போனாய், படித்தாய், நல்லாய் வந்தாய். இங்கிருந்து அக்குறணை பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லை. மாத்தளைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடைவீதியைக் கடப்பேன், கண்ணை மூடிக்கொள்வேன். போன புதன்கிழமை கடைசிக் கொப்பியை ஒரு பையில் போட்டுக்கொண்டு அங்கே இறங்கினேன். விசாரித்ததும் ஹார்ட்வெயார் கடை ஒன்றைக் காட்டினார்கள். அவருடைய மகனின் கடை. நிஸாம் நானா உள்ளே ஒரு கதிரையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் வெள்ளை. நான் யார் என்று சொன்னதும் தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். அவர்தான் எழும்பினார், மகன். என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்குத்தான் அவர் வாய் திறந்தது. அதைக் கேட்க முடியாமல் நான் இடையில் பேசத் தொடங்கிவிட்டேன். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அந்த நாளின் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து வாசித்தார். ஏழு தரம் எழுதியிருந்ததையும் வாசித்தார்.

“அப்ப நான் தூங்கல்லயா, டீச்சர்?” என்று கேட்டார்.

“இல்ல நிஸாம் நானா. நீங்க தூங்கல. நீங்க சொன்னதெல்லாம் சரி.”

“எல்லாரும் சொன்னாங்க தூங்கிட்டேன்டு. எங்கட லோயரே ஒத்துக்கச் சொன்னாரு. சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டேன். இத்தன வருஷமும் தூங்கிட்டேன்டுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.” உள்ளே திரும்பி, காது கொஞ்சம் மந்தமான தன் மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: “ஏய், இங்க வா. நான் தூங்கல்லயாம். கொப்பியில எழுதி இருக்கு.” அந்த அம்மா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விசயத்தைக் கேட்டு முடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “அன்டைக்கே இத சொல்லி இருந்தீங்கன்டா...” என்றார். உள்ளே போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். நிஸாம் நானா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, “இத நான் வச்சிக்கிறட்டா? புள்ளைகளுக்குக் காட்டணும்” என்றார். கொடுத்துவிட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை கண்டியில் ஒரு லோயரிடம் போய், நடந்ததை எல்லாம் சத்தியக் கடதாசியாக எழுதிக் கையெழுத்து வைக்கப் போகிறேன். பழைய வழக்கு, பெரிதாக ஒன்றும் நடக்காது என்கிறார்கள். நடந்தாலும் நடக்கட்டும். நீ வெட்கப்படும்படி ஆகிவிடுமோ என்று மட்டும்தான் யோசித்தேன். பிறகு, அந்த மனுசரின் பிள்ளைகள் இத்தனை காலம் வெட்கப்பட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்தியை வீட்டில் வைத்துப் படிப்பிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். நீ என்னை மாதிரி இல்லை. திட்டம் எழுது, பதிவும் வை. ஆனால் அந்தக் ‘கவனம்’ நிரலை இன்றைக்கே எடுத்துவிடு. நட்சத்திரம் போடுவதற்குப் பதிலாக, கண்ணால் கண்டதை மட்டும் எழுது. ‘வாசிக்கும்போது நின்றாள், கண் ஒரு பக்கமாக இருந்தது, பெயர் சொல்லியும் திரும்பவில்லை, பத்து எண்ணும் நேரம்’ என்று எழுது. அதற்கு என்ன அர்த்தம் என்று நீயாக முடிவு கட்டாதே. இப்படி இரண்டு தரம் கண்டால், மூன்றாம் தரத்துக்குக் காத்திராமல் டொக்டரிடம் கொண்டுபோ. இந்த வலிப்பு சில குடும்பங்களில் திரும்ப வரும் என்று அந்த டொக்டர் சொன்னார். பேத்திக்கு இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இருக்கக்கூடாது என்று தினமும் கும்பிடுகிறேன். அவள் வாசிக்கும்போது ஒருநாள் நீ கைபேசியை வைத்துவிட்டு, அவளுடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இரு. அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

மற்ற மூன்று கொப்பியையும் தபாலில் அனுப்பிவிட்டேன். மூன்றாவது கொப்பியில் நடுப்பகுதியில் உன் பக்கத்தில் ஒரு பதிவு இருக்கிறது. நீயாக அதைக் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிட வேண்டும். அன்று நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். நீ உன் இடத்திலிருந்து எழும்பி வந்து என் கையைப் பிடித்தாய். “ஏசாதீங்கம்மா. அக்கா இப்ப இங்க இல்ல. கொஞ்சம் பொறுங்க, வந்துருவா” என்றாய். சொன்ன மாதிரியே அவள் வந்தாள். கண்ணைச் சிமிட்டிவிட்டு, விட்ட சொல்லிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். நான் உன்னைக் கதவுப் பக்கம் நிற்க வைத்தேன். கொப்பியில், ‘தம்பி பொய் சொல்கிறான், அக்காவுக்குப் பரிந்து பேசுகிறான்’ என்று எழுதினேன். நேரமும் போட்டிருக்கிறேன், பத்து இருபது. நானும் கூடப் போயிருந்தால் அக்காவை இழுத்திருப்பேன் என்று உன் கலியாணத்துக்கு முதல் நாள் நீ அழுதது எனக்கு மறக்கவில்லை. இனி ஒருநாளும் அப்படி நினைக்காதே. உனக்கு எட்டு வயதுகூட ஆகியிருக்கவில்லை. உன் பங்கை நீ அதற்கு முன்னமே செய்துவிட்டாய். கண்டதைக் கண்டபடி என் முகத்துக்கு நேரே சொன்னாய். அதைப் பொய் என்று எழுதியவள் நான்.

அம்மா